ரேகை என் பையில்தானே இருக்கிறது?

கேள்வி, 2021 ஆகஸ்ட் 2

நம் அடையாள அட்டை விஷயத்தில் ஐ.நா. மனித உரிமைக் குழு மொரிஷியஸ் அரசுக்கு எதிராகத் தீர்ப்புச் சொல்லிவிட்டதாம். எனக்குப் புரியவில்லை. எல்லாருடைய விரல் ரேகையையும் சேர்த்து வைத்திருந்த மத்தியத் தரவுத்தளம் நீதிமன்றம் சொன்ன பிறகு போய்விட்டது. இப்போது ரேகை இருப்பது அட்டையில் உள்ள சிப்பில் மட்டும், சிப் இருப்பது என் பையில். என் பையில் இருப்பதற்கு நான் ஏன் பயப்பட வேண்டும்? எபேனில் கணினி வேலை பார்க்கிறேன், சிப் என்றால் பூட்டிய பெட்டகம் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் அட்டை என்றாலே ஏன் பதறுகிறீர்கள்?

2021 ஆகஸ்ட் 3

தம்பி, ஒரு சொல்லைத் திருத்திவிடுகிறேன். ஐ.நா. குழு தந்தது தீர்ப்பு அல்ல, கருத்துரை. மார்ச் 24-ஆம் தேதியிட்டது. அதைப் போலீஸ் வந்து அமல்படுத்தாது. ஆனால் நம் நாடு ஏற்றுக்கொண்ட குடியியல், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் பேரில் வந்தது, காதில் வாங்காமல் விட்டுவிடவும் முடியாது.

நடந்தது இதுதான். 2013 அக்டோபரில் புது அட்டை வந்தது. சிப் வைத்தது, ரேகை எடுத்தார்கள். வழக்குப் போனது. 2015 மே மாதம் உச்ச நீதிமன்றம் விஷயத்தை இரண்டாகப் பிரித்தது: அட்டைக்காக ரேகை எடுப்பது செல்லும், அதை ஒரே இடத்தில் குவித்து வைத்துக்கொள்வதற்கு நியாயம் இல்லை. வழக்குப் போட்டவர் விடவில்லை. நம் கடைசி மேல்முறையீடு இன்னும் லண்டன் பிரிவி கவுன்சிலில்தானே, அங்கே போனார். 2016 அக்டோபரில் அங்கேயும் தோற்றார். பிறகுதான் ஐ.நா.

ஐ.நா. குழு பிடித்துக்கொண்டது நீங்கள் பையில் வைத்திருக்கும் அந்த அட்டையைத்தான். அட்டை தொலைந்தால், திருடு போனால், ரேகையை நகலெடுத்துப் போலி அட்டையில் ஏற்ற முடியும் என்பது வழக்குப் போட்டவரின் புகார். அதைத் தடுக்க என்ன ஏற்பாடு என்று அரசு போதுமான விவரம் கொடுக்கவில்லை. அதனால் உடன்படிக்கையின் 17-ஆம் பிரிவு, அதாவது அந்தரங்க உரிமை, மீறப்பட்டிருக்கிறது என்றது குழு. உங்கள் கேள்விக்கு நேர் எதிரான பதில் இது. பையில் இருந்தால் மட்டும் போதாது என்கிறார்கள்.

2021 ஆகஸ்ட் 3, இரவு

பதறுகிறோம் என்று எழுதினீர்கள். நான் பதறியவன் இல்லை. 2013-ல் எங்கள் ஊரில் முதல் வாரமே போய் வரிசையில் நின்றேன். 1980-களில் வந்த பழைய அட்டை ஓரம் பிய்ந்து, படத்தில் என் மூக்கு மட்டும்தான் தெரிந்தது. புதுசு பளபளவென்று கைக்கு வந்தபோது சந்தோஷப்பட்டேன்.

பதறியவர் என் அண்ணன். எடுக்கவே மாட்டேன் என்றுவிட்டார். ஒரே முற்றத்தில் இரண்டு வீடு எங்களுக்கு, நடுவில் மாமரம். இரண்டு வருஷம் அந்த முற்றத்தில் இந்தப் பேச்சை எடுத்தால் சண்டைதான்.

2021 ஆகஸ்ட் 7

ரேகை என்றதும் எனக்கு அம்மாவின் கைதான் கண்ணில் வருகிறது. எழுதிவிடுகிறேன்.

2014-ல் அம்மாவை அட்டைக்குக் கூட்டிப்போனேன். அப்போதே எண்பதைத் தாண்டிவிட்டார். நாற்பது வருஷம் கரும்புத் தோட்டத்தில் தோகை உரித்தவர், உரம் வீசியவர். கரும்புத் தோகையின் ஓரம் அரம் மாதிரி இருக்கும், தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கையைக் கண்ணாடித் தகட்டில் வைத்தார். சிவப்பு விளக்கு. துடைத்து வைத்தார், சிவப்பு. பதிவு செய்துகொண்டிருந்த இளம் பெண் எழுந்து வந்து ஈரத்துணியால் அம்மாவின் விரலை ஒவ்வொன்றாக நீவிவிட்டு, தன் கையால் மெதுவாக அழுத்திப் பிடித்தது. மறுபடி சிவப்பு. திரையை நான் எட்டிப் பார்த்தேன். வரிவரியாக இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் திட்டு, அவ்வளவுதான்.

அம்மா கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் தோட்டத்திலேயே போச்சு" என்றார்.

கடைசியில் அந்தப் பெண் ஏதோ குறிப்புப் போட்டு அனுப்பிவைத்தது. அட்டை வந்துவிட்டது, குறை சொல்ல மாட்டேன். ஆனால் ரேகை எல்லாருக்கும் இருக்கும் என்று நம்பித்தானே இந்த இயந்திரம் செய்கிறார்கள்? வயசானவர்கள், கொத்தனார், துணி துவைப்பவர், தோட்ட வேலைக்காரர். யாருடைய கை அதிகம் உழைத்ததோ அவரைத்தான் அது "தெரியாது" என்கிறது. அன்று இதை அண்ணனிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் பக்கம் வலுத்துவிடும் என்று மறைத்தேன்.

2021 ஆகஸ்ட் 8

சிப் பெட்டகமா என்ற விஷயத்துக்கு வருகிறேன். நான் ஓய்வுபெற்ற தமிழ் ஆசிரியர், கணினிக்காரன் இல்லை. என்னிடம் அ, ஆ படித்த பையன் ஒருவன் இப்போது இந்தத் துறையில் இருக்கிறான். அவனை உட்காரவைத்துக் கேட்டேன். புரிந்ததை எழுதுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள்.

அட்டையில் பொன்னிறத்தில் தெரியும் சதுரம் சிப் இல்லை. அது தொடுபுள்ளிகள்தான், சிப் அதற்கு அடியில் இருக்கிறது. அது சும்மா நினைவகமும் இல்லை, ஒரு சின்னக் கணினி. கேட்டால் யோசித்துப் பதில் சொல்லும், எல்லாக் கேள்விக்கும் சொல்லாது. உள்ளே ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவி எப்போதும் வெளியே வராது. அட்டை படிக்கும் கருவி ஏதோ ஒரு எண்ணைத் தூக்கிப் போடும், சிப் அதில் தன் சாவியால் கையெழுத்திட்டுத் திருப்பிக் கொடுக்கும், கருவி அதற்கு ஜோடியான, எல்லாரும் பார்க்கக்கூடிய பொதுச் சாவியை வைத்து அந்தக் கையெழுத்தைச் சரிபார்க்கும். அடுத்த தடவை வேறு எண். அதனால் போன தடவைப் பதிலைத் திருடி வைத்துக்கொண்டு பிரயோஜனம் இல்லை. நமக்குத் தரும் ரகசிய எண்ணை மூன்று முறை தப்பாக அடித்தால் பூட்டிக்கொள்ளும்படி வைக்கலாம்.

ரேகை விஷயத்தில்தான் இரண்டு வழி. ஒன்று, சிப் தன்னிடம் உள்ள ரேகையை வெளியே கொடுத்து, கருவி ஒப்பிடுவது. இன்னொன்று, கருவி நம் விரலைப் படித்துச் சிப்பிடம் கொடுத்து, சிப்பே உள்ளுக்குள் ஒப்பிட்டு "ஆம்", "இல்லை" என்று மட்டும் சொல்வது. இரண்டாவதில் ரேகை அட்டையை விட்டு வெளியே வருவதே இல்லை. முதலாவதில் ஒவ்வொரு கருவியும் அதைப் பார்க்கிறது. ஒரு கருவி கெட்டதாக இருந்தால் போதும்.

தம்பி, பெட்டகம் என்றீர்களே, எந்த வகை என்பதைப் பொறுத்தது அது.

2021 ஆகஸ்ட் 10

ஒருவர் கேட்டார்: தெருவில் பக்கத்தில் நடந்து போகிறவன் என் பையில் இருக்கும் அட்டையைப் படித்துவிடுவானா? போன வாரம் கோயிலில் பேசும்போது "படிப்பான்" என்று சொன்னது நான்தான். அது தப்பு. தொடாமல் படிக்கும் சிப்பாக இருந்தாலும் பத்து சென்டிமீட்டர் அளவுக்கு நெருங்க வேண்டும், நெருங்கினாலும் சாவி இல்லாமல் உள்ளே போக முடியாதபடி செய்ய முடியும். பாஸ்போர்ட்டுகள் அப்படித்தான். அந்தப் பயத்தைக் கிளப்பியதற்கு மன்னியுங்கள். நிஜமான பயம் இருக்கும்போது பொய்ப் பயத்தைச் சேர்த்தால் இரண்டையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

2021 ஆகஸ்ட் 15

"சரியாகச் செய்த சிப்பை உடைக்கவே முடியாது" என்று தம்பி மறுபடி எழுதியிருக்கிறார். எஸ்டோனியாவைப் பாருங்கள். 2002-லிருந்து சிப் அட்டை. அரசாங்க வேலை, கையெழுத்து, பிறகு இணைய ஓட்டுக்கூட அதில்தான், உலகமே அவர்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. 2017-ல் செக் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார்கள். அட்டைக்குள் இருந்த சிப், சாவி உண்டாக்கும் விதத்தில் கோளாறு. பொதுச் சாவியைப் பார்த்தே ரகசியச் சாவியைக் கணக்குப் போட்டு எடுக்க முடிகிற அளவுக்குக் கோளாறு. ஏழரை லட்சம் அட்டை. அந்த நவம்பரில், சாவி செல்லும் என்று காட்டும் மின்சான்றிதழ்களை நிறுத்திவைத்துவிட்டு, அட்டைக்காரர்களைப் புதுப்பித்துக்கொள்ளச் சொன்னார்கள்.

நான் இதில் மெச்சுவது அவர்கள் மறைக்காததை. இன்ன ஓட்டை, இத்தனை அட்டை, இன்ன தேதியில் நிறுத்துகிறோம் என்று மக்களிடம் சொன்னார்கள். சாவியை மாற்றினார்கள், பிரச்சினை தீர்ந்தது.

விரலை எப்படி மாற்றுவது?

2021 ஆகஸ்ட் 16

இன்று தேதியைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. 1908-ல் இதே ஆகஸ்ட் 16. ஜோகன்னஸ்பர்க்கில் ஹமீதியா மசூதி வாசல். பெரிய இரும்புச் சட்டியில் இந்தியர்கள் தங்கள் பதிவுச் சான்றிதழ்களைப் போட்டு எண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். டிரான்ஸ்வாலில் ஆசியர் பத்து விரல் ரேகையும் கொடுத்துப் பதிய வேண்டும், கேட்டால் காட்ட வேண்டும் என்ற சட்டத்துக்கு எதிரான போராட்டம். காந்தியைப் பற்றி எல்லாருக்கும் தெரியும். அவரோடு முன்வரிசையில் நின்று பலமுறை சிறை போன தம்பி நாயுடு யார்? 1875-ல் மொரிஷியஸில் பிறந்த தமிழர். நம்ம ஊர்க்காரர்.

இதில் இன்னொன்றும் உண்டு. அதே வருஷம் ஜனவரியில் சமரசம் ஏற்பட்டு, சட்டக் கட்டாயம் இல்லாமல் தாமாகவே முன்வந்து பதியலாம் என்று காந்தி ஒப்புக்கொண்டார். பிப்ரவரியில் பதியப் போகிற வழியில் தம் ஆட்களிலேயே சிலர் அவரை அடித்தார்கள். தடுக்கப்போன தம்பி நாயுடுவுக்கும் அடி. ரேகை கொடுப்பதா வேண்டாமா என்று ஒரே பக்கம் நின்றவர்கள் நடுவிலேயே ரத்தம் வந்திருக்கிறது. எங்கள் முற்றத்துச் சண்டை எவ்வளவோ பரவாயில்லை.

அவர்கள் கோபம் மையிட்ட விரல் மேல் இல்லை. இன்ன இனத்தான் என்பதற்காக, குற்றவாளி மாதிரி, மறுக்க வழியில்லாமல் எடுத்ததுதான் அவர்களைச் சுட்டது.

2021 ஆகஸ்ட் 22

சிப், சாவி என்று இவ்வளவு எழுதினேன். நேற்று என்ன நடந்தது தெரியுமா? ஒரு நிறுவனத்தில் சின்ன வேலை, பெயர் வேண்டாம். அட்டையைக் கேட்டார்கள், கொடுத்தேன். முன்பக்கம், பின்பக்கம் ஜெராக்ஸ் எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். அவ்வளவுதான் அடையாளச் சோதனை.

நகலில் சிப் எப்படி விழுகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? கறுப்புச் சதுரம். ஓரத்தில் கொஞ்சம் கோடு. கோடிக்கணக்கில் செலவழித்து உள்ளே வைத்த சாவி, கையெழுத்து, பூட்டு எல்லாம் அங்கே ஒரு மைக்கறை. மிச்சம் இருப்பது என் பெயர், பிறந்த தேதி, எண், படம். இவ்வளவும் அந்தக் காகிதத்தில் வெட்ட வெளிச்சமாக. நான் வெளியே வரும்போது எனக்கு முன்னால் வந்தவருடைய நகல் மேஜை மேல் திறந்தபடி கிடந்தது. அவர் பெயரையும் எண்ணையும் நின்ற இடத்திலிருந்தே படிக்க முடிந்தது. எடுத்துக் கவிழ்த்து வைத்துவிட்டு வந்தேன்.

சிப்பைப் படிக்கும் கருவி இருக்கும் இடத்தைவிட நகல் இயந்திரம் இருக்கும் இடம்தான் அதிகம். பூட்டு வாங்கி வீட்டுக்குள் வைத்துக்கொண்டு கதவைத் திறந்து போட்ட மாதிரி இருக்கிறது.

2021 ஆகஸ்ட் 24

நகல் கேட்டால் கொடுக்காமல் இருக்க முடியாதே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். உண்மைதான். நான் இப்போது செய்வது: நகலின் மேல் குறுக்கே இரண்டு கோடு, நடுவில் "இன்ன காரியத்துக்கு மட்டும்", அன்றைய தேதி, இடத்தின் பெயர். எழுத்து எண்ணின் மேல் லேசாகப் படும்படி. இதுவரை யாரும் மறுக்கவில்லை. ஒரு இடத்தில் மட்டும் முறைத்தார்கள்.

2021 செப்டம்பர் 5

அட்டை எண்ணைப் பற்றி ஒரு வாசகி கேட்டிருந்தார். 14 இடம். முதலில் பிறப்புக் குடும்பப் பெயரின் முதல் எழுத்து, அடுத்து ஆறு இலக்கத்தில் பிறந்த நாள், மாதம், வருஷம், அப்புறம் வரிசை எண், கடைசியில் தட்டச்சுப் பிழையைப் பிடிக்க ஒரு சரிபார்ப்புக் குறி. கல்யாணமாகிப் பெயர் மாறினாலும் அந்த முதல் எழுத்து மாறாது.

அந்த ஒரு எழுத்தால் எங்களுக்கு வந்த கூத்து. எங்கள் குடும்பப் பெயர் தமிழில் "கு" என்று தொடங்கும். அண்ணன் பிறந்தபோது எழுதிய குமாஸ்தா பிரெஞ்சு வழக்கப்படி "சி" போட்டுத் தொடங்கினார். எட்டு வருஷம் கழித்து நான் பிறந்தபோது வேறு குமாஸ்தா, "கே" போட்டார். ஒரே அப்பா, ஒரே அம்மா, இரண்டு குடும்பப் பெயர்! இந்தத் தீவில் தமிழ்க் குடும்பங்களில் இது புதுசு இல்லை. முத்துசாமியும் வீராசாமியும் சுப்பிரமணியனும் எத்தனை விதமாக எழுதப்பட்டிருக்கின்றன என்று கோயில் நன்கொடைப் பலகையைப் பார்த்தாலே தெரியும்.

2020 ஏப்ரலில் ஊரடங்கு. கடைக்குப் போக எழுத்து வரிசையில் நாள் பிரித்தார்கள் அல்லவா? "ஏ"யிலிருந்து "எஃப்" வரை திங்கள், வியாழன். "ஜி"யிலிருந்து "என்" வரை செவ்வாய், வெள்ளி. மிச்சம் புதன், சனி. வாசலில் அட்டையைக் காட்ட வேண்டும். அண்ணனுக்குத் திங்கள், எனக்குச் செவ்வாய். ஒரே முற்றத்துக்கு வாரத்தில் நாலு நாள் கிடைத்தது. அக்கம்பக்கத்து "ஆர்", "எஸ்" வீடுகளுக்கெல்லாம் நாங்கள் பருப்பும் மாவும் வாங்கிக் கொடுத்தோம். அறுபது, எழுபது வருஷத்துக்கு முன் இரண்டு குமாஸ்தாக்கள் செய்த வேறுபாடு அப்போது தெருவுக்கே உதவியது.

அதே வேறுபாடு அப்பாவின் நிலப் பத்திரம் மாற்றும்போது எங்களை இரண்டு வருஷம் அலையவிட்டது. நாங்கள் அண்ணன் தம்பி என்று நிரூபிக்கச் சத்தியக் கடுதாசி, சாட்சி, வக்கீல். அட்டை சொல்வதைத்தான் கருவி நம்பும். அட்டைக்குப் பிறப்புப் பதிவேடு ஆதாரம். பதிவேட்டில் தப்பு இருந்தால் சிப் அந்தத் தப்பையே பத்திரமாகப் பூட்டி வைத்துக் காட்டும்.

2021 செப்டம்பர் 19

என் பழைய மாணவன் நேற்று ஒரு சின்னக் கருவியோடு வந்தான். கணினியில் சொருகும் சாதாரண அட்டை படிப்பான். நானும் அண்ணனும் பக்கத்தில் உட்கார்ந்தோம். என் அட்டையை வைத்ததும் திரையில் ஒரு வரி எண்கள் வந்தன. சிப் விழித்துக்கொண்டதும் சொல்லும் முதல் வணக்கம் அது என்றான், இந்த வகை அட்டைகள் எல்லாம் சொல்லும். அதற்கு மேல் எதைக் கேட்டாலும் அனுமதி இல்லை என்றே பதில். ரேகையைக் காட்டவில்லை.

"பாருங்கள், எவ்வளவு கெட்டி" என்று எனக்குப் பெருமை. தம்பி எழுதியதுதான் சரி என்று தோன்றியது.

அண்ணன் கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் பேசியது கிரியோலில், தமிழில் எழுதுகிறேன்: "உன் அட்டை, உன் விரல், உன் பை. உள்ளே என்ன இருக்கிறது என்று உனக்கே காட்ட மாட்டேன் என்கிறது. அப்போது சாவி யாரிடம்?"

எனக்குப் பதில் இல்லை. மாணவனுக்கும் இல்லை. இரவெல்லாம் அதையே யோசித்தேன். திருடனுக்குக் காட்டாதது சரி. எனக்கும் காட்டாதபோது, என் முழுப் பெயரும் முகமும் விரலும் உள்ளே எப்படி எழுதியிருக்கிறது, தப்பில்லாமல் இருக்கிறதா, யார் யார் எப்போது திறந்தார்கள் என்று நான் எதை வைத்து நம்புவது? பையில் இருப்பதாலேயே அது என்னுடையது ஆகிவிடாது. தம்பி, உங்கள் முதல் கேள்விக்கு என்னால் சொல்ல முடிந்த பதில் இதுதான்.

2021 செப்டம்பர் 25

இன்று புரட்டாசிச் சனி. பூஜை முடிந்து வாழையிலையில் ஏழு கறியோடு சாப்பாடு, முற்றம் நிறைய ஆட்கள். பேச்சு இதற்கே வந்தது. ஆகஸ்ட் 3 இரவில் "அண்ணன் பதறினார்" என்று எழுதினேன் அல்லவா? அதை எடுத்துவிடலாம் என்று பார்த்தேன், இருக்கட்டும், இதையும் சேர்த்துப் படியுங்கள்.

அவர் பதறவில்லை. 2013-ல் அவர் சொன்னது ஒன்றே ஒன்று: "அட்டை கொடு, வாங்கிக்கொள்கிறேன். என் விரலை நீ வைத்துக்கொள்ளாதே." 2015-ல் நீதிமன்றம் ஏறக்குறைய அதையே சொன்னது. சேர்த்து வைத்ததை எடுத்துவிட்டார்கள் என்று உறுதியான பிறகு அவரே போய் வரிசையில் நின்று வாங்கி வந்தார். சொன்ன சொல்லைக் காத்தார். சட்டம் படிக்காத பஸ் கண்டக்டர், நீதிபதிகளுக்கு இரண்டு வருஷம் முன்னால் அங்கே போய் நின்றிருக்கிறார். நான் படித்தவன் என்ற நினைப்பில் அவர் பேச்சை முழுதாகக் கேட்கவே இல்லை.

அம்மாவின் விரல் விஷயத்தையும் இன்றுதான் அவரிடம் சொன்னேன். "தெரியும், அம்மாவே சொன்னாங்க" என்றார்.

2021 அக்டோபர் 10

இந்தியாவில் இருந்து படிப்பவர்கள் "எங்களுக்கு ஆதார் இருக்கிறதே" என்கிறார்கள். ஆதார் வேறு ஏற்பாடு. அதில் சிப்பே இல்லை, 12 இலக்க எண். ரேகையும் கண் படமும் மத்தியில் இருக்கிறது, ஒவ்வொரு முறையும் அங்கே கேட்டு ஒப்பிடுகிறார்கள். எங்கள் நீதிமன்றம் நியாயம் இல்லை என்று சொன்ன பாதையில்தான் ஆதார் நிற்கிறது. 2018 செப்டம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் சில கட்டுப்பாடுகளோடு அதை அனுமதித்தது. தமிழ்நாட்டில் ரேஷனுக்கு "ஸ்மார்ட் கார்டு" என்று 2017-ல் கொடுத்தார்களே, அதிலும் சிப் இல்லை, கட்டக் குறியீடு (கியூஆர்) தான். மலேசியாவின் மைகார்டு 2001-லேயே கட்டைவிரல் ரேகையைச் சிப்பில் வைத்தது. எஸ்டோனியா அட்டையோ ரேகையே இல்லாமல் ரகசிய எண்ணை வைத்துப் பல வருஷம் ஓடியது. ஆக, ரேகை இல்லாமல் பாதுகாப்பான அட்டை செய்ய முடியாது என்ற பேச்சு நிற்காது.

2021 அக்டோபர் 11

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, "அப்படியானால் ரேகையே வேண்டாமா?" என்று தம்பி கேட்கிறார். அம்மாவின் கையைப் பார்த்தவன் என்ற முறையில், வேண்டாம் என்பதே என் எண்ணம். வைத்தே தீர வேண்டும் என்றால் சிப்புக்குள் மட்டும் ஒப்பிடட்டும். அட்டைக்காரர் கேட்டால் உள்ளே இருப்பதை அவருக்குக் காட்டட்டும். ரேகை படியாதவருக்குக் கெஞ்சாமல் வேறு வழி இருக்கட்டும். யார் அட்டையைக் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று சட்டத்தில் எழுதட்டும். சிப்பின் மேல் எனக்குக் கோபம் இல்லை, ஜெராக்ஸைவிட ஆயிரம் மடங்கு மேல்.

2021 நவம்பர் 2

இன்று விடுமுறை. ஒப்பந்தக் கூலிகள் வந்து இறங்கிய நாள். காலையில் அவர்கள் இறங்கிய ஆப்ரவாசி காட் படிகள் வரை போய்ப் பூப் போட்டுவிட்டு வந்தோம். போன வருஷம் நானும் அண்ணனும் மோக்காவில் மகாத்மா காந்தி நிறுவனத்து ஆவணக் காப்பகத்துக்குப் போனதை இந்த இழையில் எழுதாமலே விட்டுவிட்டேன். இவ்வளவு பேச்சுக்கும் வேர் அங்கேதான் இருக்கிறது.

எங்கள் கொள்ளுத்தாத்தா 1860-களில் வந்தவர். பதிவேட்டில் அவருக்கு ஒரு வரி: ஆறு இலக்க எண், வயது, உயரம், ஊர், சாதி, உடம்பில் உள்ள அடையாளம். வலது புருவத்தின் மேல் தழும்பு என்று எழுதியிருந்தது. அண்ணனுக்கும் அதே இடத்தில் ஒரு தழும்பு, சின்ன வயதில் மாமரத்திலிருந்து விழுந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை.

அப்புறம் படம். அந்தக் காலத்து அடையாள அட்டைக்காக எடுத்த படம். 1867-ல் ஒரு சட்டம் வந்தது. ஐந்து வருஷ ஒப்பந்தம் முடித்து விடுதலையானவரும் படம் ஒட்டிய டிக்கெட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். தன் மாவட்டத்தை விட்டு வெளியே போனால் போலீஸ் பாஸ் வேண்டும். இல்லையென்றால் நாடோடி என்று பிடித்துக்கொண்டு போவார்கள். தொலைந்தால் காசு கட்டிப் புதுசு வாங்கும் வரை வெளியே தலைகாட்ட முடியாது. 1871-ல் 9,401 பேர் சேர்ந்து மனுக் கொடுத்தார்கள், அதை எழுத உதவியவர் அடோல்ஃப் த பிளேவிட்ஸ் என்று கரும்புத் தோட்டம் நடத்திய ஒருவர். அடுத்த வருஷம் லண்டனிலிருந்து விசாரணைக் கமிஷன் வந்தது.

படத்தில் கொள்ளுத்தாத்தா தலையில் துண்டு கட்டியிருக்கிறார். கேமராவைப் பார்க்கவில்லை, அதற்கு மேலே, படம் எடுப்பவனுக்குப் பின்னால் நிற்கும் யாரையோ பார்க்கிற மாதிரி இருக்கிறது. பயமா, கோபமா, வெயிலா, சொல்ல முடியவில்லை.

2013-ல் அண்ணன் "டிக்கெட் திரும்ப வந்துவிட்டது" என்று சொன்னபோது நான் சிரித்தேன். அந்தப் படத்தைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பை நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது. இரண்டும் ஒன்றில்லை, அது எனக்குத் தெரியும். அவரை நடமாடவிடாமல் தடுக்கக் கொடுத்தது அது, எனக்கு ஓட்டும் ஓய்வூதியமும் வாங்கித் தருவது இது. ஆனால் எங்கள் வீட்டில் "அட்டையைக் காட்டு" என்ற சொல்லுக்கு நூற்றைம்பது வருஷ ஞாபகம் இருக்கிறது. பெரியவர்கள் ஏன் தயங்குகிறார்கள் என்று கேட்டீர்களே தம்பி, ஒருநாள் மோக்கா போய் உங்கள் வீட்டு எண்ணையும் தேடிப் பாருங்கள்.

2021 நவம்பர் 6

தீபாவளி வேலையில் பதில் எழுத முடியவில்லை. தம்பி மோக்காவுக்கு நாள் கேட்டிருப்பதாக எழுதியிருக்கிறார். போகும்போது உங்கள் பாட்டனார், பூட்டனாரின் பிறப்பு, திருமணப் பத்திரங்களில் கிடைத்ததை எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள். பெயரை மட்டும் வைத்துத் தேடினால் கஷ்டம், "சி", "கே" இரண்டிலும் பார்க்கச் சொல்லுங்கள்.

அண்ணனுக்குத் திங்கட்கிழமை ஒரு கணக்கு விஷயமாக அட்டை நகல் கொடுக்க வேண்டியிருக்கிறது. குறுக்குக் கோடு எப்படிப் போடுவது என்று இப்போதுதான் காட்டிக் கொடுத்தேன். பழைய காலண்டர் தாளில் மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டு, பேனாவைச் சட்டைப் பையில் சொருகிக்கொண்டு போனார்.